கிட்டக் கோட்டை

காலை ஏழு. வீபோர் மருத்துவமனை, நிலவறை ஆய்வுக்கூடம்.
தட்டில் இன்னும் லேசாகச் சூடு.
சிறுநீர். பெண், முப்பத்தொன்று. பெயர் இயோனெலா.
டோர்கிலின் பன்றிப் பண்ணையில் வேலை.
நான்காம் நாள் காய்ச்சல்.

வைக்கோல் நிறக் கூழின்மேல்
ஆறு காகிதப் பொட்டுகள்,
பொட்டுக்கு ஒரு மருந்து.
மருந்து வென்ற இடத்தில் ஒன்றும் முளைக்காது.
சுற்றிலும் வெறும் வட்டம்,
நிலா கட்டும் கோட்டை போல.

கிட்டக் கோட்டை எட்ட மழை,
எட்டக் கோட்டை கிட்ட மழை.
இங்கும் அதே கணக்குதான்.
அளவுகோலை வைக்கிறேன்.
முதல் பொட்டு: கோட்டையே இல்லை.
இரண்டாவது: இல்லை.
மூன்றாவதில், நான்காவதில்
காகித விளிம்பில் முதுகைச் சாய்த்துப்
படுத்திருக்கின்றன.

எங்கே கற்றன?
கற்கவில்லை.
பால் மறந்த குட்டிகளுக்குப் பேதி கண்ட வாரம்
டோர்கில் தண்ணீரில் மருந்து கலந்தார்.
கோடி செத்தன.
படியெடுக்கையில் ஓர் எழுத்துப் பிழையோடு
பிறந்த ஒன்று சாகவில்லை.
அதற்கும் அதன் பிள்ளைகளுக்கும்
திடீரென்று நிறைய இடம்.
இருபது நிமிடத்துக்கு ஒரு தலைமுறை.

பிழை ஒரு வழி.
இன்னொரு வழி கைமாற்று.
பத்திரமில்லை, வட்டியில்லை,
உறவா அந்நியமா என்ற விசாரணையில்லை.
மயிரிழை ஒன்றை நீட்டிப்
பக்கத்தில் கிடப்பதை இழுத்து ஒட்டி
பிழைக்கும் வழி எழுதிய வளையத்தில்
ஒரு பிரதி கொடுத்து
ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்.
என் அண்ணன் ஏணியைக்கூடத் தரமாட்டான்.

இயோனெலா கழுவாமல் இல்லை.
வேலை முடிந்தால் குளியல், வேறு உடை, வேறு செருப்பு.
நான்கு பேருக்கு ஒரு குளியலறை
என்று செவிலி குறித்திருக்கிறாள்.
அதன் கீழே, சம்பந்தமில்லாமல்:
போட்டோஷானியில் ஆறு வயது மகன்,
படுத்திருப்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஐந்தாவது பொட்டு: ஒன்பது மில்லிமீட்டர்.
கிட்டக் கோட்டை.

ஆறாவது,
நரம்பில் மட்டும் ஏற்றுவது,
கடைசிக்கென்று பூட்டி வைத்தது.
இருபத்துநான்கு.
மூச்சு விடுகிறேன்.
எண்ணை எழுதிவிட்டுத் தட்டை மூடப் போனவள்
விளக்கடியில் சற்றுச் சாய்க்கிறேன்.

வெறுமைக்கு நடுவில்
ஒரு புள்ளி.

தூசி என்றால் நல்லது.
தூசிக்கு இப்படி உருண்டையாக
நிழல் விழாது.

மேலே வார்டிலிருந்து தொலைபேசி.
எதைக் கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள்.
ஆறாவதைச் சொல்கிறேன்.
சொல்லிவிட்டு
போனை வைக்காமல் நிற்கிறேன்.