கொட்டகையின் அளவு

கணக்கெடுக்க வந்த ஷிஜினுக்குக்
கருங்கல் பக்கம் வீடு.
ரப்பர் நிழலில் வளர்ந்த பையன்.
ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில்
காற்றுக்கு எதிரே நின்று வாயைத் திறக்கக்கூடாதென்று
யாரும் சொல்லி அனுப்பவில்லை போல.
முதல் கேள்வியிலேயே மண் தின்றான்.

"கொட்டகை எத்தனை அடி, அக்கா?
நீளம், அகலம்."

மேற்கே பொய்கை அணைக்கரை,
கிழக்கே முப்பந்தல் ரோடு,
தெக்கே தண்டவாளம் என்றேன்.
உயரம் வேணுமானால்
அந்தக் காற்றாலையின் கழுத்துவரை போட்டுக்கோ.

சிரித்தான். பிறகு
போனைத் திருப்பிக் காட்டினான்:
பூஜ்யம் போட்டால்
அடுத்த பக்கம் திறக்காதாம்.

எனக்கும் கொட்டகை இருந்தது, தம்பி.
சிமெண்ட் தளம், தண்ணீர்த் தொட்டி,
சங்கக் கடனில் வந்த ஜெர்சிக்கு
தலைக்குமேல் மின்விசிறி.
ஒரு சித்திரை மத்தியானம் கரண்ட் போனது.
சுற்றிலும் நூறு காற்றாலை நிற்கிற ஊர்.
ஈரச்சாக்கைப் போர்த்தி
முறத்தால் வீசினேன், கை மரக்கும்வரை.
நாக்கு வெளியே தள்ளி
நாலு மணிக்கு அவள் போனாள்.
கடன் மட்டும்
இன்னும் பதினாலு மாசம் உயிரோடு இருந்தது.

இதுகளை வாங்கியது பிறகுதான்.
பணகுடியில் கிடை கலைத்த ஒருவரிடம்
ஏழு உருப்படி.
என் இடுப்புக்குமேல் வளராத குட்டை மாடுகள்.
ஒரு வேளைக்கு ஒரு செம்பு பால்,
அதுவும் அதுகளுக்கு மனசிருந்தால்.
கும்பப்பூ அறுப்பு முடிந்த தோவாளை வயலில்
ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசுவது
சாணிக்கும் மூத்திரத்துக்கும்தான்.

அருமை பெருமை ஒன்றுமில்லை.
ஐப்பசிச் சகதியில் குளம்பு வெடிக்கும்.
ஆனியில் விலா எண்ணலாம்;
எண்ணியிருக்கிறேன்.
பனங்காய் விழுகிற காலத்தில்
நார் தொங்கும் வாயோடு நிற்கும்,
கூப்பிட்டாலும் வராது.
ஒக்கி அடித்த ராத்திரி
டார்ச் வெளிச்சத்தில் தேடிப்போனேன்,
கிழிந்த குடையும் அழுகையுமாக.
பாறைக்கு இந்தப் பக்கம்
ஒன்றின் வயிற்றில் ஒன்று ஒட்டி
அசை போட்டுக்கொண்டிருந்தன.
விடிந்து பார்த்தால்
என் வீட்டு ஓடுகள்தான் ரோட்டில் கிடந்தன.

"சரி அக்கா, பத்துக்குப் பத்துன்னு போடட்டா?"
போட்டுக்கோ.
பக்கம் திறந்தது.
இல்லாத கொட்டகைக்குள்
மாடுகளை எண்ண ஆரம்பித்தான்.
காற்றாலையின் இறக்கை நிழல்
ஒவ்வொரு முதுகாக வெட்டிக்கொண்டு போனது;
ஒன்றும் வால்கூட அசைக்கவில்லை.
இரண்டு தரம் தப்பவிட்டு
மூன்றாம் தரம், பத்து.

எல்லாம் காற்றுக்குப் பின்புறம் காட்டி
கிழக்கே பார்த்து நின்றன.
மயிலை மட்டும்
தாடகை மலையைப் பார்த்து,
நேரே காற்றுக்குள் முகத்தைக் கொடுத்து,
கண்ணில் மண் விழ விழ,
இமைக்காமல்.

நேற்று காலையில்
ஒட்டிய வயிறோடு வந்தாள்.
கன்றை எந்தப் புதருக்குள் வைத்திருக்கிறாளோ,
அந்தத் திசையை மட்டும்
மறந்தும் பார்க்கமாட்டாள்.
நரியை ஏமாற்றப் படித்த பொய்.
எனக்கும் அதே பொய்தான்,
மூன்றாம் நாள்வரை.

"கன்னுக்குட்டி ஏதும் உண்டா?"
ஷிஜின் கேட்டான்.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு
நானும் மேற்கே பார்த்தேன்.