அழைப்பெண்

ஜூலைக் குளிரில் மொந்தேவிதேயோ.
கடலென்று சொன்னால் ஆறென்று திருத்துவார்கள்,
ஆறென்று நம்பிக் குனிந்தால் உதட்டில் உப்பு.
அந்தக் காற்றை வாசலில் விட்டுவிட்டு
நூலகத்தின் இரண்டாம் மாடி ஏறினேன்.
பையும் மாத்தே குடுவையும் கீழே பறிமுதல்.
பேனாவும்தான்.
ஒரு பென்சில் மிச்சம்.

தேடி வந்தது ஓதிலியா பர்ரியோஸை.
பேசாப்பட நாட்களில்
சுருளை வெட்டியவள், ஒட்டியவள்.
நான்கு படங்கள் என்கிறது ஓர் அடிக்குறிப்பு.
ஒன்பது என்கிறது
அந்த அடிக்குறிப்போடு சண்டைக்கு வந்த இன்னோர் அடிக்குறிப்பு.
ஒன்றுகூட இப்போது இல்லை என்பதில் மட்டும்
இரண்டுக்கும் சமாதானம்.

791.43.
சினிமாவுக்கு இங்கே அதுதான் கதவு எண்.
இயக்குநர்கள் ஒன்றரை அலமாரிக்குக்
கால் நீட்டிப் படுத்திருந்தார்கள்.
நட்சத்திரங்கள் வழவழத் தாளில், கனமாக.
கோட்பாடு மேல்தட்டில்;
ஏணி போட்டால் கைக்கு எட்டும்,
மற்றதற்கு எட்டாது.
வெட்டியவர்களைப் பற்றி மெலிந்த நூல் ஒன்றே ஒன்று.
அது நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மரத்துண்டு,
அதில் ஒட்டிய சீட்டு:
திரும்ப வேண்டிய நாள், 1974 மார்ச் 11.

அந்த ஆண்டு இந்த ஊரில் வெளியே போனவர்களுக்கு
யாரும் அபராதம் போடுவதில்லை.
மரத்துண்டைத் தடவிவிட்டு நகர்ந்தேன்.

பிறகு வால் பிடித்துத் தூக்கப் பழகினேன்,
கடைசிப் பக்கத்துச் சொல்லடைவிலிருந்து.
பர்ரியோஸ் - காண்க: திருமதி லஸ்கானோ.
திருமதி லஸ்கானோ - காண்க: பர்ரியோஸ்.
கணவன் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவே
மூன்று நாள் என்னை நடக்கவிட்டாள்.
அழைப்பெண் என்று எழுதும்போதெல்லாம்
உள்ளே ஒரு பெண் ஒளிந்திருப்பது தெரிந்தது,
அழைத்தால் வராமல்.

நான்காம் நாள் மேசைக்காரர் ஏபெர் சில்வேரா
(படம் பார்ப்பதில்லை, இருட்டில் தூக்கம் வருமாம்)
மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"உங்கள் படங்கள் தொலைந்தனவா, எரிந்தனவா?"
எரிந்தன.
"அப்படியானால் தப்பான மாடியில் நிற்கிறீர்கள்."

நிலவறை. 628.92.
தீத்தடுப்பு, ஏணிகள், குழாய்கள், நீரழுத்தம்.
தீயணைப்புப் படையின் ஆண்டறிக்கை,
முதுகு உடைந்து, நாடாவால் கட்டியது.
நகல் எடுக்கத் தடை.
துறைமுகக் கிடங்கு எரிந்த இரவைப் பற்றிப்
பதினான்கு பக்கம்.
ஈடு கேட்டு வருவார்களே என்று
கணக்கில் கறாரான எவனோ ஓர் அதிகாரி
கருகிய ஒவ்வொரு தகர டப்பாவையும் திருப்பிப் பார்த்து
எண், தலைப்பு, எத்தனை மீட்டர்,
கடைசியாகக் கையாண்டவர் யார்,
எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியிருக்கிறான்.
ஓ. பர்ரியோஸ்.
ஓ. பர்ரியோஸ்.
ஓ. பாரியோஸ் (தூக்கக் கலக்கம்).
ஓ. பர்ரியோஸ்.

பதினொன்று.

அவள் படங்களின் முழுப் பட்டியலும்
சாம்பலின் கையெழுத்தில்தான் கிடைத்தது.
பென்சிலைக் கூர்சீவிக் கூர்சீவி
மீட்டர்களைக்கூட விடாமல் எழுதினேன்.
ஏழாம் டப்பா: 214 மீட்டர்.
மற்றவற்றுக்கு எதிரே "முழுச்சேதம்".
இதற்கு எதிரே "நனைந்தது, அகற்றப்பட்டது".
அகற்றியது யார், எங்கே?
பக்கம் முடிந்துவிட்டது.
அடுத்த பக்கத்தில்
குதிரைகளின் தீவனச் செலவு.

நனைந்தது என்ற சொல்லை
மணி அடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே வந்தபோது ஏபெர்
விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்.
"கிடைத்தாளா?"
அரைவாசி, என்றேன்.
தலையாட்டிவிட்டுச்
சினிமா அலமாரிக்குப் போனார்.
மரத்துண்டின் பழைய சீட்டைக் கிழிக்கவில்லை.
அதன் கீழே இன்னொன்றை ஒட்டினார்,
என் பென்சிலையே வாங்கி எழுதி:

பர்ரியோஸைத் தேடுவோர்
628.92 பார்க்கவும்.
நிலவறை. இடப்பக்கம்.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகவும்.