நான்கணா அபராதம்

அதிகாலை மூன்றே முக்கால்.
பன்னிரண்டாயிரம் லிட்டரைப் பின்னோக்கி நகர்த்தி
கான்கிரீட் பலகைமேல் நிறுத்துகிறேன்.
பலகைக்கு அடியில் ஓடை.
மாநகராட்சி அதற்கு எண் கொடுத்திருக்கிறது, பெயர் இல்லை.

"நீர் பந்தா?" என்கிறார் காவலாளி மஞ்சப்பா,
வந்தது தெரிந்தே.
குழாயைப் பூட்டினால் நாற்பது நிமிடம்.
ரசீதில் கையெழுத்து வாங்க உள்ளே போய் நிற்பேன்.
செம்பு அண்டாக்கள், மேசைமேல் கவிழ்ந்த நாற்காலிகள்,
நேற்றிரவு சிந்தியதன் புளிப்பு.

சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பழுப்புத் தாள்:
பட்டாளத்துக்குப் பீர் காய்ச்சிய
ஏதோ கம்பெனியின் கூலிக் கணக்கு.
அழகுக்கு மாட்டியது, படிக்க அல்ல.
நான் படித்தேன்.
நாற்பது நிமிடத்தை வேறென்ன செய்ய?

மாசிலாமணி. வேலை: தண்ணீர்.
அவ்வளவுதான் இருக்கிறது.
மீதியை நான் ஊற்றிக்கொள்கிறேன்.

விடியுமுன் ஓடையில் இறங்குவான், முழங்கால் மட்டும்.
ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்து,
விழுங்காமல் துப்பாமல்
கொஞ்சம் நிற்பான்.
கரையில் இருபது பேர் விறகும் கையுமாய்.
"ஆகும்" என்பான். இல்லையென்றால் "ஆகாது".
துரைக்குத் தெரிந்த தமிழே
அந்த இரண்டு சொல்தான் போலும்.
குமாஸ்தா அதைப் பெயர்க்காமல்
இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே பதிந்திருக்கிறான்.

மார்ச் பதினொன்று: ஆகாது.
பன்னிரண்டு: ஆகாது.
பதின்மூன்று: ஆகாது. அபராதம் நான்கணா.
மேட்டில் எவனோ தோல் ஊறப்போட்டிருக்கலாம்.
செத்த மாடாக இருக்கலாம்.
காரணம் எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பதினான்கு: ஆகும்.

ஒவ்வொரு நாளும் இந்த வரியில்தான் வந்து முட்டுகிறேன்.
ஓடை தெளிந்ததா,
வீட்டில் அரிசி தீர்ந்ததா?

"எந்த போர்வெல் அண்ணா?"
ரப்பர் பூட்ஸோடு வருகிறாள் ஸ்பூர்த்தி, இங்கே காய்ச்சுபவள்.
"பழையதுதான் மேடம்."
பழையது தை மாதமே காற்றைக் கக்கியது.
இப்போது நிரப்புவது ஏரிக்கரைப் பக்கம்,
மழை பெய்தால் நுரை பறந்து
பைக்காரன் முகத்தில் ஒட்டும் இடம்.
பேனா போன்ற கருவியை முக்குகிறாள்.
எண் வருகிறது.
எண்ணுக்கு நாக்கு இல்லை.
கையெழுத்துப் போடுகிறாள்.

அவள் தலைக்கு மேலே சாக்பீஸில் விலைப்பட்டியல்:
'ஹள்ளா', அரை லிட்டர், நானூற்றைம்பது.
ஹள்ளா என்றால் ஓடை.
காலடியில் இருப்பதன் பெயரை
மேலே எழுதி விற்கிறார்கள்.
எனக்குக் கோபமில்லை. ஒரு நடைக்கு எழுநூறு,
டீசல் முதலாளியுடையது.

வெளியே வந்து குழாயைக் கழற்றுகிறேன்.
அடியில் தேங்கிய ஒரு குடம்
பலகை இடுக்கு வழியே கீழே போகிறது.
உள்ளங்கை நனைந்துதான் இருக்கிறது.
சட்டையில் துடைத்துக்கொள்கிறேன்.

இடுக்கிலிருந்து பதிலுக்கு
கொஞ்சம் நுரை.