யாருடைய நான்கு மணி

நிகோசியாவின் லெட்ரா தெரு
ஒரு செருப்புக் கடையைத் தாண்டியதும்
முன்னறிவிப்பில்லாமல் வேறு நாடாகிவிடுகிறது.
நாடு என்று சொல்லலாமா கூடாதா
என்பதுதான் அங்கே வழக்கே.

இந்தப் பக்கம் ஒரு கூண்டு, கண்ணாடி, கணினி.
சில தப்படிகள் தள்ளி அந்தப் பக்கம் இன்னொன்று.
இடையில் பூந்தொட்டிகள்,
ஜன்னலில் மணல்மூட்டை அடைத்த மாடிவீடுகள்,
கூரையைப் பிளந்து நிற்கும் அத்தி,
யாரிடமும் பாஸ்போர்ட் நீட்டாத சாம்பல் பூனை.

வரிசையில் எனக்கு முன்னால் க்ளியோவூலோஸ்.
வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர்.
கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு
தானாகவே பேச்சுக் கொடுத்தார்:
மேல்வரிசைப் பல் தெற்கில் கட்டியது.
கீழ்வரிசை வடக்கில்,
நெவின் டாக்டரிடம், பாதி விலைக்கு.
தனித்தனியே இரண்டும் நல்ல பல்தான்,
மெல்லும்போதுதான் தகராறு.
ராவித் தருகிறேன் என்று
கீழ்வரிசையை வாங்கி வைத்திருக்கிறாளாம்.
இன்றைக்கு நாலு மணிக்கு வரச் சொன்னாள்.

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார்.
நாலுக்கு ஐந்து நிமிடம்.
என் பையில் போன் அதிர்ந்தது.
யாரோ ஒரு கம்பெனி
துருக்கியில் வருக வருக என்றது.
திரையில் ஐந்தாகப் போகிறது.

அது அந்த ஒரு குளிர்காலம்.
தெற்கு வழக்கம்போல்
கடிகாரத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டது,
வடக்கு திருப்பவில்லை.
நாற்பது சொச்சம் வருஷமாக
தெருவை, கிணற்றை, சுடுகாட்டை வகுந்தவர்கள்
மதியத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

போனை அவர் முன் நீட்டினேன்.
பார்த்தார். கைக்குட்டைக்குள்
ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார்;
பல் இல்லாததால் அது சாதுவாக வெளியே வந்தது.

முதல் கூண்டைக் கடந்து நாலெட்டு வைத்திருப்போம்.
எதிரே வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி
கையில் சோப்பு டப்பா போல ஒன்றோடு
விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தாள்.
அரை மணி காத்திருந்துவிட்டு
கிளினிக்கைப் பூட்டிவிட்டாளாம்.
அவளுக்குத் துருக்கி, இவருக்குக் கிரேக்கம்;
இடையில் பொத்தல் இங்கிலீஷ்.

அங்கேயே, ஒரு பூந்தொட்டி ஓரமாக,
குண்டு துளைத்த சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று
பல்லை மாட்டிக்கொண்டார்.
கோட்டுப் பையிலிருந்து நீலக் காகிதம் ஒன்று எடுத்தாள்.
கடியுங்கள் என்றாள். கடித்தார்.
இன்னும் ஒருமுறை. கடித்தார்.
போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்து
மேலும் கீழும் எங்கெங்கே தொட்டுக்கொண்டன என்று
நீலப் புள்ளிகளை எண்ணினாள்.

ஐ.நா. தொப்பிக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து
இங்கே நிற்கக் கூடாது என்றார்.
பல், என்றாள் நெவின்.
அவர் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
மிதித்துப் போய்விட்டார்.

இடது பக்கம் இன்னும் கொஞ்சம் உயரம்,
வியாழக்கிழமை நாலு மணி, என்றாள்.
யாருடைய நாலு?
உங்களுடையது, என்றார் க்ளியோவூலோஸ், பெருந்தன்மையாக.
அதே மூச்சில் அவளும்
உங்களுடையது என்று சொல்லியிருந்தாள்.
இருவரும் சிரித்தார்கள்.
எது என்று முடிவாகவில்லை;
அவர் தெற்கே திரும்பினார், எள் வளையம் ஒன்றைக் கடித்தபடி,
வலது பக்கமாக மட்டும்.

நான் இரண்டாவது கூண்டுக்குப் போனேன்.
இருபது வயதுப் பையன்
முகத்தில் இன்னும் பரு ஆறவில்லை.
வந்த காரணம்?

சும்மா.

இங்கிலீஷில் அதைத் தேடினேன்.
வடக்கு நேரப்படி ஐந்து மணி பத்து நிமிடம் வரை தேடினேன்.
பின்னால் ஒரு பெண் ஸ்ட்ரோலரை முட்டக் கொண்டுவந்து நிறுத்தினாள்.
டூரிஸ்ட், என்றேன்.
நம்பிவிட்டான்.
பூனை காலுக்கிடையில் புகுந்து
எனக்கு முன்னால் போயிற்று.