ஐஸ் தின்கிறவள்

செவ்வாய்க்கிழமை.
பாம்பன் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
பெஞ்சு கொள்ளாமல் வயிறுகள்.
முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டை கட்டி
நரம்பு தேடுவது என் வேலை.

நம்புவள்ளிக்கு லேசில் கிடைக்கவில்லை.
கம்பெனியில் இறால் தலை கிள்ளுகிற கை.
குளிரில் ஊறி ஊறி
நரம்பெல்லாம் உள்ளே போய்ப் படுத்துவிட்டது.
"குத்துங்கக்கா, மரத்த கைதான்."
மூன்றாம் மாதம்.

ஊதா மூடிக் குழாய். மெஷின் 11.2 என்றது.
கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எண்.
எழுதி மடித்து
அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்.
போன வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன்.
வேறொருத்தி, இதே 11.2.
எட்டாம் மாதம் இந்த நாலு படி ஏற
இரண்டு தரம் நின்றாள்.
அன்றைக்கு 6.9.
அவள் பெயர் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை.

"வேலை எப்படிப் போகுது?" சும்மாதான் கேட்டேன்.
"சூப்பர்வைசர் ஏசுறாரு.
இறாலுக்குப் போட்ட ஐஸ நான் தின்னு தீத்துடுறேனாம்."
பக்கத்து பெஞ்சு எடுத்துக்கொடுத்தது:
"நறநறன்னு, அக்கா. ராத்திரியிலயும்."
மசக்கை என்றாளாம் மாமியார்.
ஆம்பளப் பிள்ளை என்றானாம் முனியராஜ்,
லாஞ்சுக்கு ஏற்றுகிற பாரில் ஒரு துண்டு உடைத்துவந்து.

பேனாவை வைத்தேன்.
கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.
"என்னக்கா, செவுள் பாக்குறீங்களா?"
பெஞ்சே சிரித்தது.
சிவப்பாகத்தான் இருந்தது,
இரண்டு நாள் கிடந்த மீனும்
சில சமயம் ஏமாற்றுமே, அந்த அளவுக்கு.

"இன்னொரு குழாய் எடுக்கணும். மஞ்சள் மூடி."
"அதான் பதினொண்ணு இருக்கே?"
"அது மடியில உள்ள காசு.
நான் பாக்கணும்ங்கிறது சேத்து வச்சது. ஃபெரிட்டின்."
கொஞ்சம் யோசித்தாள்.
"தடைக்காலத்துல எங்க வீடு மாதிரி.
மடிக்காசு செலவாகிக்கிட்டுத்தான் இருக்கும்,
சீட்டுப்பணம் முன்னாடியே போயிருக்கும்."
நான் இதைவிட நன்றாய்ச் சொல்லியிருக்க முடியாது.

மூன்று மணிப் பேருந்தில்
ராமநாதபுரத்துக்கு அவள் ரத்தம்,
தெர்மாகோல் பெட்டியில்.
மூடும்போது உள்ளே இருந்த ஐஸைப் பார்த்து
எச்சில் விழுங்கினாள்.

வியாழன் போன் வந்தது. ஆறு.
முப்பதாவது இருக்கவேண்டிய இடத்தில்
ஆறு.

டாக்டர் மாத்திரை எழுதினார்.
டீயோடு போடாதே என்றேன்.
கம்பெனியில் பதினொன்றுக்கு ஒரு டீ, நாலுக்கு ஒரு டீ,
எட்டு மணி நேரம் நிற்கிறவளிடம்
அதைப் பிடுங்கவா முடியும்?
படுக்கும்போது, எலுமிச்சம்பழத் தண்ணியோடு என்று முடிவானது.
வெளிக்குக் கறுப்பாய்ப் போகும், பயப்படாதே என்றேன்.
"எல்லாத்தையும் சொல்லிடுறீங்க" என்றாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்.
உட்காரும்முன்னே சொன்னாள்:
"அக்கா, ஐஸ் சலிச்சுப்போச்சு.
வாயில வச்சா பல்லு கூசுது."

மெஷினை இன்னும் ஆன்கூடச் செய்யவில்லை.
ரப்பர் பட்டையைக் கட்டினேன்.
நரம்பு
இன்றைக்கும் லேசில் கிடைக்கவில்லை.