பதினொரு விநாடி

ஆட்டுச் சொறியை எண்ணுவது என் பிழைப்பு.
கம்பளியை விரலால் வகிர்ந்து
லென்ஸ் வைத்துப் பார்த்து
ஒரு மந்தையை முடிக்க இரண்டு பகல் ஆகும்.
காற்று அடித்தால் மூன்று.
போர்வெனீரில் காற்று அடிக்காத நாளை
நான் இன்னும் பார்க்கவில்லை.

அதனால்தான்,
கையில் பட்ட சாணம் காயாமல் வீட்டுக்குள் நுழைந்தபோது
எங்கள் கணினி
பதினொரு விநாடியில்
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு வைரஸ்களை
எண்ணி முடித்ததைப் பார்த்து
எனக்குப் பயம் வரவில்லை.
பொறாமை வந்தது.

சிவப்புச் சதுரம். ஆலைச் சங்கு மாதிரி அலறல்.
'அணைக்காதீர்கள், உடனே அழையுங்கள்' என்று ஸ்பானியத்தில்,
ஆனால் எந்த வீட்டிலும் பேசாத ஸ்பானியத்தில்:
வினைச்சொற்கள்
செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றன.
எலிசேயோவின் ஒரு கையில் ஃபோன்.
மறு கையில்
கம்பளி விற்ற பணம் கிடக்கும் கணக்கின் அட்டை.
எட்டு எண்களை வாசித்துவிட்டார்.
ஒன்பதாவதுக்கு வாய் திறந்திருந்தது.

ஃபோனைப் பிடுங்கி வைத்தேன்.

'பைத்தியமா உனக்கு?
நாலு வருஷத்துக் குட்டிக் கணக்கு இதில்தான் இருக்கு.
அந்த ஆள் நல்லவன், நெவென்கா.
என் பேரைக் கேட்டான். கவலைப்படாதீங்க என்றான்.'

'டி டிரைவில் அறுநூறு வைரஸ் என்கிறதே,
நமக்கு டி டிரைவ் இருக்கிறதா?'
பேசாமல் நின்றார்.
'அந்தச் சதுரத்தை இழுத்துப் பாருங்கள்.'
இழுத்தார்.
உலாவியின் விளிம்புவரை வந்தது,
அதற்கு மேல் ஒரு நூல்கூட நகரவில்லை.
சுவரில் வரைந்த கதவு
சுவரைத் தாண்டி எங்கே போகும்?

மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொடப்போனார்.
கையைத் தட்டிவிட்டேன்.
அதுவும் அவர்கள் வரைந்ததுதான்.
'வேண்டாம்' என்று எழுதிய பொத்தான்
'சரி' பொத்தானின் கூடப் பிறந்த தம்பி.

நிஜக் காவல்காரன் திரையின் கீழ் ஓரத்தில்,
சின்னப் பச்சைப் புள்ளியாக,
எங்கள் கிழட்டு நாயைப் போலவே படுத்திருந்தான்.
இத்தனை அமளிக்கும் காதைக்கூட அசைக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக நோய் பார்க்கிறேன்.
எந்த நோயும் கூவிக்கொண்டு வந்ததில்லை.
தன் தலையை எண்ணிச் சொன்னதில்லை.
மருந்துப் புட்டியை இடுப்பில் செருகி வந்து
நாற்பத்தொன்பது டாலர் என்று விலை சொன்னதில்லை.
சொறி பிடித்த ஆடு
வேலியில் உரசிக்கொண்டு நிற்கும்.
அவ்வளவுதான்.

பிளக்கைப் பிடுங்கினேன்.
சங்கு செத்தது.
கூரைத் தகரத்தில் காற்று
விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தது.

வங்கியின் இரவு எண்ணில்
தூக்கம் கெட்ட ஒரு பெண்
அட்டையை முடக்கிக் கொடுத்தாள்.
'எட்டு எண்தானே, பரவாயில்லை,
பதினாறையும் சொன்னவர்கள்
இன்றைக்கு மட்டும் ஏழு பேர்' என்றாள்.
எலிசேயோ அட்டையை நாலாக வெட்டினார்.
பிறகு எட்டாக.

'உனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?'

வேலைப் பழக்கம் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லத்தான் வாயெடுத்தேன்.
அந்த எட்டுத் துண்டையும்
அவர் மேஜையில் மறுபடி ஒட்டவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்,
குட்டியைத் தொலைத்தவர் மாதிரி.

'போன ஜூலையில்,' என்றேன்,
'பனி கொட்டிய அந்த வாரம்.
முப்பத்தொன்பது டாலர். நான் கட்டினேன்.
அதற்கப்புறம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சூதாட்டம்.
கணினியைக் கோட்டுக்குள் ஒளித்து
படகேறி நீரிணை தாண்டி
புந்தா அரேனஸில் ஒரு பையனிடம் கொடுத்துச் சுத்தம் செய்தேன்.
உங்களிடம் பல் பிடுங்கப் போகிறேன் என்றேன்.'

வெகுநேரம் என் தாடையையே பார்த்தார்.
அந்த வாரம் முழுக்க
எனக்காகப் பூசணியை மசித்து சூப் வைத்தவர்.
ஆறவைத்து ஊட்டாத குறை.

'அப்படியானால்,' என்றார்,
'எந்தப் பல்?'