துணைக்கால்

கோர்ஃபக்கான் துறைமுகம், ஏழாம் ஷெட்.
நனைந்த பெட்டிகளின் மேல்
ஒரே சொல்லைச் சாக்பீஸால்
எழுதிக்கொண்டே போகிறான் ஹைதம்.
என்ன என்றேன்.
"அவார்."
அடிபட்ட சரக்கு, ஊனப்பட்ட சரக்கு.
எங்கள் மொழியில் அவர் என்றால் மரியாதை என்றேன்.
"அப்படியானால் பெட்டிக்கு சலாம் சொல்லு"
என்றான் சூடான்காரன்.

என் கையில் நஷ்ட ஈட்டுப் படிவம்.
மூன்றாம் பத்தி: ஜெனரல் ஆவரேஜ்.
ஆறு வருடமாக நிரப்புகிறேன்,
கூட்டி வகுக்கும் சராசரி என்றே நினைத்து.
ஏழாம் வகுப்பு ராங்க் கார்டில்
பச்சை மையில் எனக்கு விழுந்த அதே சொல்.

அந்தச் சொல்லே இந்தச் சொல்தானாம்.
அரபுச் சரக்கோடு ஏறி
ஜெனோவாக்காரன் வாயில் வால் முளைத்து
பிரெஞ்சுக் கணக்கில் தங்கி
இங்கிலீஷில் கரையேறியிருக்கிறது.
இல்லை என்பாரும் உண்டு.
சொல்லுக்கு ஏது பாஸ்போர்ட்.

புயலில் கப்பல் சாய்ந்தால்
எவன் சரக்காவது கடலுக்குப் போகும்.
மிளகு போனவன் மட்டும் அழக்கூடாது.
பட்டு பிழைத்தவனும்
பேரீச்சை பிழைத்தவனும்
கப்பல்காரனும் சேர்ந்து
அந்த நஷ்டத்தைப் பங்கு போடவேண்டும்.
அந்தப் பங்குக்குத்தான் ஆவரேஜ் என்று பேர்.
கணக்குப் புத்தகம் பிறகு எடுத்துக்கொண்டது,
கடலை மட்டும் விட்டுவிட்டு.

ராத்திரி. பன்னிரண்டு கட்டில்.
வாடகை மூவாயிரத்து அறுநூறு திர்ஹம்.
ஏசுவடியானுக்கு நாலாவது மாதமும் சம்பளமில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான்.
தூங்கவில்லை.
தூங்குகிறவன் கால்விரல் இப்படி மடங்கியிருக்காது.

யாரும் எதுவும் பேசவில்லை.
மன்சூர் கால்குலேட்டரில்
பன்னிரண்டை அழித்துப் பதினொன்று போட்டான்.
ஆளுக்கு முந்நூற்று இருபத்தேழு.
மூன்று திர்ஹம் வகுபட மறுத்தது.
அந்த மூன்றுக்கு மட்டும்
"நான்தான்", "நீ போன மாசம் போட்டே" என்று
பத்து நிமிடம் சண்டை.

நோட்டில் அவன் பேருக்கு நேரே
என்ன எழுத என்றான் மன்சூர்.
பாக்கி என்று எழுத ஒருவருக்கும் மனசில்லை.
பேனாவை வாங்கி
ஹைதமின் சொல்லை எழுதப் போனேன்.
பாதியில் கை நின்றது,
துணைக்கால் போடாமலே மூடிவைத்தேன்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே
நோட்டைப் புரட்டிய ஏசுவடியான்
நுரை வாயோடு கேட்டான்:
"யாருடே அது, அவர்?
வாடகை குடுக்காத தொரையா?"